அம்மனிடம் நான் வேண்டிக்கொண்டது

யாங்கோன்

அன்பு மகள் தமிழரசிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், கரண்டுக்குத்தான் சுகமில்லை, வந்த கையோடு போய்விடுகிறது. உன் தொண்டை தேறியதா, வெந்நீர் குடிக்கிறாயா, அந்தச் சீமைக் குளிரில் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போ.

நீ போனில் அனுப்பியதைப் படித்தோம். பெரிய பாட்டுக் குழுவின் கச்சேரிகளில் அவர்களுக்கு முன்னால் மேடையேறி ஊர் ஊராகப் பாடக் கிடைத்த வாய்ப்பு, தொண்டை கட்டியதால் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது, கிட்டாரை விற்றுவிட்டு முதியோர் இல்லத்து வேலையையே முழு நேரமாகப் பார்க்கப் போகிறேன், அம்மனிடம் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதே கியாக்தான் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நானும் பஸ் ஏறினேன். ஆனால் அம்மன் முன்னால் நிமிர்ந்து நிற்க முடியாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதவே வெட்கமாக இருக்கிறது மகளே.

போன சித்திரையில் ஒரு பப்பில் நீ பாடிய வீடியோவை அனுப்பினாய் அல்லவா. நீ கண்ணை மூடிப் பாடுகிறாய், எதிரே ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு தின்கிறான். அவமானமாக இருந்தது, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். தமிழரசி என்று பேர் வைத்தால் இங்கிலீஷில் பாடுகிறாயே என்று உன்னைக் கேலி செய்தது வேறு, இது வேறு. கடைத்தெருவில் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடம் ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே கோயிலுக்குப் போய், இவள் பாட்டை விட்டுவிட்டு ஒரு வேலையில் உட்கார்ந்தால் பூக்குழி இறங்குகிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற மகள் தோற்கவேண்டும் என்று வேண்டிய அப்பன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பூசாரி இராமையாவைத் தனியாகப் பிடித்து, வேண்டுதலைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று கேட்டேன். அம்மன் என்ன கடையா வச்சிருக்கா, வாங்கின சாமானை மாத்திக் குடுக்க, பலிச்சா எறங்கு, பலிக்கலைன்னா சும்மா இரு என்றார். பின்னால் நின்ற உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து காலையில் மொஹிங்கா மீன் நூடுல்ஸ் கிண்ணம் மேசைக்கு வருகிறது, பேச்சு வருவதில்லை. அவள் செய்வது நியாயந்தான்.

நேற்று கரண்ட் வந்தபோது உன் பாட்டைப் போட்டுக் கேட்டேன். பாதிதான் புரிந்தது, இன்னொரு தடவை போட்டேன். உன் பாட்டு ஒன்றை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குப் போ மகளே, வயிறு என்று ஒன்று இருக்கிறது. கிட்டாரை மட்டும் விற்காதே. நீ பாட்டை விட்டால் பங்குனித் திருவிழாவில் நான் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு இறங்கியாகவேண்டும். நெருப்புக்குப் பயமில்லை, இந்தச் சர்க்கரைக் காலுக்கு அது உறைக்காது. நீ தோற்றதற்கு நன்றி சொல்லிக்கொண்டு நடக்கவேண்டுமே, அதுதான் என்னால் ஆகாது. என் வேண்டுதலைப் பலிக்க விடாதே.

அம்மன் உன் குரலைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் அம்மாவுக்குப் போன் போட்டு என்னோடு பேசச் சொல்.

தலை நிமிராமல் எழுதும் உன் அப்பா,
ராஜரத்தினம்