முதுகில் ஒரு மஞ்சள் தையல்

அன்பு மனைவிக்கு,

நானும் நம் மகளும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் அதைக் கேட்கவில்லை. இருமல் விட்டதா என்று மட்டும் கேட்கிறேன். அதற்கு நேரான பதில் வேண்டும்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பலமுறை வாயெடுத்தேன். நீ பேசும் நேரத்தில் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் இல்லாத நேரத்தில் நீ வேலையில் இருக்கிறாய். படம் எடுத்து அனுப்பலாம் என்றால், "படமெல்லாம் வேணாம்ப்பா, அம்மா நேர்ல பாக்கட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்துதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவே சலித்துப்போய் நின்றது. உன் நாத்தனார் வாரம் தவறாமல் வருகிறாள். நான் சமைத்ததை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணி உன்னை அடுப்புப் பக்கமே விடாம வெச்சிருந்தது சும்மா இல்ல" என்று உன்னைப் புகழ்கிறாள். பட்டறையில் கை நிறைய வேலை. ஒரு பெரிய கட்டடத்துக்கு ஏ.சி. காற்றுக்குழாய் முழுவதையும் நாங்கள்தான் செய்கிறோம். கனவில்கூடத் தகரம் வெட்டுகிறேன்.

இனி நம் மகளைப் பற்றி, நம் பட்டாசைப் பற்றி.

"பிரேஸ் போடுறியா?" என்று நீ கேட்கும்போதெல்லாம் அவள் முந்திக்கொண்டு "போடுறேன்மா" என்பாள். அதைக் கேட்டு நீ அங்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். அக்குளிலிருந்து இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கும் அந்தக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்கு அவள் வைத்த பெயர் ஆமை ஓடு. ஆமை ஓடு பாதி நாள் அலமாரிக்குள்தான் கிடந்தது. குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது உடம்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகெலும்பின் வளைவு கூடிக்கொண்டே போகும், கூடினால் கத்திதான் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கழற்றி வைத்தாள்.

காரணம் வலி இல்லை. துணி. அவளுடைய சட்டை எதுவும் அந்த ஓட்டின்மேல் ஏறவில்லை. பெரிய அளவாக வாங்கினால் தோள் வழிந்து முழங்கைக்கு வந்தது. ஏறிய ஒன்றிரண்டும் அக்குளில் அதன் விளிம்பு உரசி உரசிக் கிழிந்தன. ஒரு நாள் என் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். "அப்பா, பீரோவுக்குப் போர்வை போத்தின மாதிரி இருக்கேன்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவள் கண்ணைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போவாள், வருவாள், அவ்வளவுதான். கூட்டாளிகள் வாசலில் வந்து கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லச் சொல்வாள். வாயாடிக்குப் பட்டாசு என்று நாம் பெயர் வைத்தோமே, அந்தப் பட்டாசு நமுத்துப்போய்க் கிடந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தகரத்துக்கு ஒடுக்கு எடுப்பதுதான். பிள்ளை மனசில் ஒடுக்கு விழுந்தால் எந்தச் சுத்தியலால் எங்கே தட்டுவது?

ஒரு நாள் ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். இன்டர்நெட்டில் சட்டைக்குப் பேட்டர்ன் கிடைக்கிறதாம். அச்செடுத்துத் தாள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டினால் சட்டையின் துண்டுகள் முழு அளவில் வந்துவிடுமாம். கூடத்துத் தரையில் பரப்பிக்கொண்டு ஒட்டினாள். கடைக்காரர் "என்னம்மா, வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டாராம். நான் குனிந்து பார்த்தேன். சட்டைக் கைக்கான துண்டின் ஓரத்தில் விரலை ஓட்டினேன். முழங்கை போல் வளைகிற காற்றுக்குழாய்க்குத் தட்டைத் தகரத்தில் நான் போடுகிற கோடு அது. அதே ஏற்றம், அதே இறக்கம், அதே அலை. இத்தனை வருடமாக இடுப்பொடியக் கோடு போடுகிறேன், நான் போட்டிருக்கும் சட்டையின் கைக்குள்ளும் அந்தக் கோடுதான் இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

உன் நாத்தனாரிடம் தையல் மெஷின் கேட்டோம். யாரையும் தொடவிடாத மெஷின் என்பது உனக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மெஷினைப் பார்த்துக்கொள்ள அவளும் அடிக்கடி வந்தாள். போனில் "அது என்ன சத்தம்?" என்று நீ கேட்டாயே, மிக்ஸி என்று நம் மகள் சொன்னாளே, அது இந்த மெஷின்தான்.

பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து முதல் சட்டை தைத்தாள். எழுதியிருந்தபடி எழுத்துப் பிசகாமல் செய்தாள். போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மறுபக்கம் தொங்குகிறது. பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். உன் நாத்தனார், "விடும்மா, கடையில சொல்லித் தச்சுக்கலாம்" என்றாள். நம் பெண் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க பாருங்க. இவங்க பாதி ஆளைத்தான் வரைஞ்சிருக்காங்க."

உண்மைதான். பேட்டர்னில் முன்பக்கமும் பாதி, பின்பக்கமும் பாதி. துணியை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் தாளை வைத்து வெட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். "மீதிப் பாதியும் அதே மாதிரிதான் இருக்கும்னு நினைச்சுட்டாங்க. எனக்குத்தான் அப்படி இல்லையே" என்றாள். குரலில் அழுகை இல்லை. கணக்கில் பிழை எங்கே என்று கண்டுபிடித்தவள் குரல் அது. தன்னிடம்தான் கோளாறு என்று இத்தனை மாதமாகச் சுருண்டு கிடந்தவள், குறை தாளில் இருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டாளே.

மடிப்பு வேண்டாம், முழு ஆளையும் வரையலாம் என்று முடிவானது. அதற்கு உடம்பின் வடிவம் வேண்டும். அதற்கும் ஒரு வழியைத் தேடி வைத்திருந்தாள். பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, இறுகியதும் முதுகில் வெட்டிக் கழற்றினால் ஆளின் அச்சு அப்படியே கிடைக்குமாம். டேப்புக்கு நம் வீட்டில் என்ன பஞ்சம்? காற்றுக்குழாய் மூட்டுக்கு ஒட்டுகிற வெள்ளி டேப்பைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்தேன். அறைக்குள் உன் நாத்தனார் சுற்றினாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நாடா நாடாவாகக் கிழித்துக் கதவிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருவரும் சிரித்த சிரிப்பு! "அத்தை, கூசுது!" என்று அவள் கத்துகிறாள். "அசையாதடி, மூக்குல ஒட்டிடுவேன்" என்று உன் நாத்தனார் மிரட்டுகிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? டேப் தீர்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு.

வெட்டிக் கழற்றி, வெட்டை மறுபடி ஒட்டி, உள்ளே பழந்துணியைக் கெட்டியாகத் திணித்து, குழாய் தாங்கும் கம்பி ஒன்றில் செருகிக் கூடத்தில் நிறுத்தினேன். வெள்ளி நிறத்தில், தலையில்லாமல், நம் பெண் நின்றாள்.

அவள் அதைச் சுற்றி மெதுவாக நடந்தாள். பின்பக்கம் போனதும் நின்றுவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தன் முதுகைப் பார்த்ததே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பைப் பார்த்திருக்கிறாள். கண்ணாடியில் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்க ஓரத்தைப் பார்த்திருக்கிறாள். முழு முதுகு அதுதான் முதல் தடவை. ஒரு தோள்பட்டை சற்றே புடைத்து, இடுப்பு ஒரு பக்கம் உள்வாங்கி, நடுவில் அந்த வளைவு. கையை வைத்துக் கழுத்திலிருந்து கீழே வரை தடவினாள்.

"இவ்வளவுதானாப்பா?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன். "நான் என்னென்னவோ நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். உன் நாத்தனார் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அவள் வைத்த டீயில் சர்க்கரையும் இல்லை, தூளும் இல்லை.

அந்த உருவத்தோடுதான் இப்போது குடித்தனம். குளிக்கப் போகும்போது ஆமை ஓட்டைக் கழற்றி அதற்கு மாட்டிவிட்டுப் போவாள். வந்ததும் ஈரத் தலையோடு அதன்மேல் துணியைப் போர்த்தி, குண்டூசி குத்தி, வலது பக்கத்துக்கு ஒரு கோடு, இடது பக்கத்துக்கு வேறொரு கோடு என்று வரைவாள். துணியை மடித்துத் தைத்து வளைவு கொடுக்கிற டாட், பேட்டர்னில் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். இவள் சட்டையில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஓட்டின் விளிம்பு உரசும் அக்குள் பகுதியைத் துணியாகவே வைக்கவில்லை. அங்கே குரோஷா ஊசியால் நூல் பின்னி இரண்டு பட்டைகள் செய்து இணைத்தாள். உரசினாலும் கிழியாது, கை தூக்கினால் இழுபடும், காற்றும் போகும். ஒற்றைக் கொக்கி ஊசி, ஒரே நூல். முடிச்சே இல்லாமல் கண்ணிக்குள் கண்ணியாக அது வளர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பட்டறைக்குப் போக மனசு வராது. தகரத்தைச் சேர்க்க எனக்கு ஆணி வேண்டும், மடிப்பு வேண்டும், பசை வேண்டும். இவள் காற்றையே பின்னிச் சேர்க்கிறாள்.

சட்டை முடிந்ததும் எனக்குக் காட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில்தான் போட்டுக்கொண்டு வந்தாள். கருநீலத் துணி. முன்னால் பார்த்தால் கடைச் சட்டை தோற்றுவிடும். ஓடு உள்ளே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கே தெரியவில்லை. பூட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். அவள் எனக்கு முன்னால் படியிறங்கிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

முதுகில் நடுத்தையல் நேராக இல்லை. கழுத்திலிருந்து கிளம்பி, வலப்புறம் மெல்ல ஒதுங்கி, மறுபடி இடப்புறம் திரும்பி, இடுப்பில் வந்து சேர்கிறது. அவள் முதுகெலும்பு போகிற வழியிலேயே தையலும் போகிறது. அதுவும் கருநீலத்தின்மேல் பளிச்சென்ற மஞ்சள் நூலில். இத்தனை பாடுபட்டு மறைக்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன். அவளோ ஊர் பார்க்கக் கோடு போட்டுக்கொண்டு நடக்கிறாள். வெயில் பட்டு அந்தக் கோடு மின்னியது. கோணல் என்று எந்த வாய் சொல்லும்? ஆற்றைப் பார்த்து யாராவது கோணல் என்பார்களா? "என்னப்பா, பஸ் வந்துடும்" என்று திரும்பிப் பார்த்தாள். செருப்பு வார் என்று சொல்லிக் குனிந்துகொண்டேன்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர், வளைவு கூடவில்லை, பிடித்து நிற்கிறது, இப்படியே போட்டால் கத்தி வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன் என்றார். "நினைக்கிறேன்" என்றுதான் சொன்னார். நான் கூட்டிச் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் இவள் வயதில் ஒரு பெண், தன் அப்பாவின் சட்டைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மருந்துச் சீட்டு வாங்கி வருவதற்குள் நம்மவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தூக்கி அக்குள் பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க வாங்கினது?" என்றாள் அந்தப் பெண். "வாங்கல. வரைஞ்சேன்" என்றாள் நம் பட்டாசு. பிறகு மூச்சு விடாமல் பேசினாள். பேசினாள், பேசினாள், அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிடும்வரை பேசினாள். அந்தப் பெண்ணின் அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது ஓடு அலமாரிக்குள் போவதில்லை. இது நான் கண்ணால் பார்த்துச் சொல்வது.

கடைசியாக ஒரு வேலை உனக்கு. நீ இருக்கும் இடத்துக் குளிருக்கு உனக்கொரு மேல்சட்டை தைக்க வேண்டுமாம். உன் ரவிக்கை ஒன்றை எடுத்து அளவுக்குக் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது போனப்ப இருந்த அம்மா. இப்ப இருக்கிற அம்மா அளவு வேணும்" என்றாள். ரவிக்கையை மடித்துப் பீரோவிலேயே வைத்தேன்.

எனவே ஒரு அளவு டேப் வாங்கி அளந்து அனுப்பு. இளைத்திருந்தால் இளைத்த அளவையே எழுது, நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கழுத்து, கை நீளம், இடுப்பு எல்லாம் நீயே எடுத்துவிடலாம். தோளுக்குத் தோள், முதுகின் அகலம் மட்டும் ஒருவர் தனக்குத் தானே அளக்க முடியாது என்கிறாள். பின்னால் ஒருவர் நிற்க வேண்டுமாம். அங்கே உனக்குப் பின்னால் நிற்க யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் இல்லையென்றால் அந்த அளவை ஊகித்து எழுதாதே. அதை விட்டுவிடு. அவள் துணியை வெட்டாமல் வைத்திருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. இருமலுக்கு வெந்நீர் குடி. நல்லபடியாக இரு.

இங்கே உனக்குப் பின்னால் நிற்க இரண்டு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் கணவன்