சாரதா குச்சி

வையப்பமலை,
18-11-2024

மதிப்பிற்குரிய சாரதாமணி அவர்களுக்கு, ராசப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் சுகம். கோயமுத்தூரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். ஆள் மறந்திருந்தால், உங்கள் பயிர்ச் சோதனைக்கு நிலம் கொடுத்த ராசப்பன்தான்.

இந்த வருடம் மழை பரவாயில்லை. குச்சிக்கிழங்கு, உங்கள் பாஷையில் மரவள்ளி, நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் முழங்கால் வலி.

போன புதன்கிழமை ராசிபுரத்தில் விவசாயிகள் கூட்டம். கிழங்குச் செடியின் இலையில் விழும் தேமல் நோய்க்கு வழி கண்டுபிடித்தவர் என்று உங்கள் பழைய அதிகாரியின் பெயரை மேடையில் சொன்னார்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அவரு கண்டதில்லீங்க. சாரதாமணின்னு ஒரு அம்மா மூணு வருசம் எங்க காட்டுல வெயில்ல நின்னு கண்டதுங்க" என்றேன். நோயில்லாத செடியாகப் பார்த்து நீங்கள் சிவப்பு நூல் கட்டியது, அதில் மட்டும் குச்சி வெட்டி நட்டது, தேமல் விழுந்த செடியை இளசிலேயே பிடுங்கியது, எல்லாம் சொன்னேன். மேடையில் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து, "அப்ப சாரதா குச்சிங்கறது அந்தம்மா பேருதானுங்களா?" என்று கேட்டார்.

இது உங்களுக்குத் தெரியாது. அந்தச் சோதனை பற்றி அச்சான அறிக்கையை வரப்பில் நின்று நீங்கள் புரட்டிய நாள் எனக்கு மறக்கவில்லை. உங்கள் பெயர் எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில் நிலம் கொடுத்த எனக்கு நன்றி போட்டிருந்தார்கள். "உங்க பேராவது இருக்குதுங்களே" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு விதைக்குச்சி கேட்டு யார் வந்தாலும், "சாரதா குச்சின்னு கேளுங்க, தாரேன்" என்பேன். இன்று சுற்றுவட்டாரத்தில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

தேமலில் இரண்டு வருடம் விளைச்சல் போய், அப்பா நிலத்தை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். இன்றும் நான் என் சொந்த மண்ணில் நிற்கிறேன். அதற்கு நன்றி என்ற ஒரு சொல் போதாது.

கூட்டம் முடிந்து ஒரு பெண் அதிகாரி என்னைத் தேடி வந்தார். நான் சொன்னதையெல்லாம் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார். உங்கள் முகவரியைக் கொடுத்ததும் அவர்தான். நீங்கள் தனியாக இருப்பதாகவும் சொன்னார். என் மனைவி நல்லம்மாள் தவறி ஆறு வருடமாகிறது. தங்கமான மனுஷி. அவளும் சாரதா குச்சி என்றுதான் சொல்வாள். யார் சாரதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நீங்கள் மாற்றலாகிப் போன அன்று, பஸ் படியில் கால் வைத்துக்கொண்டு, "நான் போகட்டுங்களா?" என்று கேட்டீர்கள். "சரிங்க" என்றேன். கேட்டதன் அர்த்தம் பஸ் போன பிறகுதான் புரிந்தது.

தை மாதம் கிழங்கு பிடுங்குகிறோம். உங்கள் பெயரில் விளைந்ததை நீங்கள் வந்து பார்க்க வேண்டும். தயவுசெய்து, திரும்பிப் போகும் தேதியைக் குறித்துக்கொண்டு வராதீர்கள்.

என்றும் நன்றி மறவாத,
ராசப்பன்