டெக்சாஸ்காரர் ஊருக்குப் போனார்

யான்பு, சவூதி அரேபியா, 2004

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? அம்மாவின் கால்வலி எப்படி?

எங்கள் என்ஜினீயர் கார்லின் ஊரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டெக்சாஸ் மிகப் பெரிய மாநிலம். முன்பு மெக்சிகோவோடு இருந்ததாம். பிறகு சில வருடம் தனி நாடாக இருந்து, அமெரிக்காவோடு சேர்ந்ததாம். மாடும் பருத்தியும்தான் பிழைப்பு; அப்புறம் எண்ணெய் கிடைத்தது. இப்போது அங்கே வெயிலில் நின்று வீடு கட்டுகிறவர்களில் நிறையப் பேர் மெக்சிகோக்காரர்கள். "நல்ல உழைப்பாளிகள், உங்களைப் போல" என்றார் கார்ல். டீ நேரத்தில் அவர் இதையெல்லாம் சொல்வார். நான் நம் கடலைப் பற்றிச் சொல்வேன்.

போன வாரம் ஊருக்குள் ஏதோ துப்பாக்கிச் சூடு. எங்கள் பக்கம் இல்லை. கம்பெனி அமெரிக்கர்களை மட்டும் குடும்பத்தோடு விமானம் ஏற்றிவிட்டது. கார்ல் என் கையைப் பிடித்து, "நீ எப்போது போகிறாய்?" என்று கேட்டார். சிரித்துவைத்தேன். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் கபீலிடம், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளியிடம், இருப்பது அவருக்குத் தெரியாது போல.

அன்று அறையில் யேசுதாசன் அண்ணன், "லேய் ஜெகின், அவியளுக்குப் பிளேன், நமக்கு டூட்டி. எழும்புல!" என்றார். எல்லோரும் சிரித்தோம். கார்ல் போனபின் டீயைச் சீக்கிரம் குடித்துவிடுகிறேன்.

செய்தி நேரத்தில் அம்மாவை டி.வி. பார்க்க விடாதீர்கள். அலமாரியில் என் பாஸ்போர்ட் நகல் ஒன்று இருக்கும். அதை எடுத்து உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சும்மாதான் சொல்கிறேன்.

டூட்டி வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்,
ஜெகின்