நடுரோட்டைப் பெருக்கிய மதினிக்கு

மதினி, உங்கள் வீட்டு மதிலில் ஒரு கடப்பாரை சாய்ந்து நிற்கிறது. கோயில் திருவிழா முடிந்துவிட்டது. இன்னும் யாரும் அதை எடுத்துப் போகவில்லை. மறந்து போனார்களா, வேண்டுமென்றே விட்டுப் போனார்களா தெரியவில்லை. நான் இரண்டாவதைத்தான் நினைக்கிறேன். நீங்கள் இருந்தாலும் அதைத்தான் நினைப்பீர்கள். “மறதியாவது ஒண்ணாவது! மனுசன் வேணும்னுதேன் மறக்கிறான்” என்பீர்களே.

நாம் சொந்தம் இல்லை, எதிரெதிர் வீடு. கல்யாணமாகி இந்தக் கோயில் தெருவுக்கு வந்த புதிதிலேயே உங்களை மதினி என்று கூப்பிட்டுவிட்டேன். நீங்களும் என் வீட்டுக்காரரைத் தம்பியாக்கிக்கொண்டீர்கள். பக்கவாதம் வந்து கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகும் அவர் கோயிலில் காலைப் பூசையை விடவில்லை. யார் கையையும் பிடிக்க மாட்டார். “நான் என்ன பச்சப்புள்ளையா?” என்று எரிந்து விழுவார். அவர் தெருவைக் கடக்கிற அதே நேரத்தில்தான் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு ஜீப்புகள் பறக்கும். மெயின் ரோட்டில் போலீஸ் நின்றால் பாதி ஆளை இறக்கச் சொல்வார்கள் என்று டிரைவர்கள் நம் தெருவுக்குள் புகுந்துவிடுவார்கள். ஒரு நாள் ஒரு ஜீப் அவருடைய கம்பைத் தட்டிவிட்டுப் போனது. கம்பு சாக்கடையில் கிடந்தது. அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ரோட்டில் அப்படியே நின்றார்.

நீங்கள் வேகத்தடை கேட்டு ஊராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தீர்கள். போடுகிறோம் என்று அவர்கள் சொன்னதை நீங்கள் நம்பவே இல்லை. “ஜல்லி எங்க? அதக் காட்டுங்க மொதல்ல” என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். அப்படி வந்ததுதான் உங்கள் வாசலுக்கு நேராக இருக்கும் வேகத்தடை.

ஆனால் திருவிழா வந்தால் அதற்குக் கேடு. சப்பரத்துக்குச் சின்ன இரும்புச் சக்கரம், மேட்டில் ஏறினால் சொரூபம் குலுங்கும் என்று கோயில் கமிட்டியில் சொல்வார்கள். முந்தின நாளே உடைத்துவிடுவார்கள். திரும்பக் கட்டுவதற்குள் மழையும் வந்து போய்விடும். உடைக்க முதலில் கடப்பாரை எடுப்பவர் யார் என்று நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். கமிட்டியில் இருக்கிற, தோட்டத்துக்கு வண்டி விடும் ஜீப்புக்காரர். “சாமிக்குக் குலுங்குதாம்! அவுக ஜீப்புக்குக் குலுங்குது, அதச் சொல்லுவாகளா?” என்று என் காதருகே சொல்லிச் சிரித்தீர்கள்.

மேடு இல்லாத அந்த மாதங்களில் விடிந்ததும் விளக்குமாற்றோடு இறங்கிவிடுவீர்கள். வாசலைப் பெருக்கி, அப்படியே நடுரோட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் கடந்து முடிக்கும் வரை பெருக்கிக்கொண்டே நிற்பீர்கள். ஹாரன் அடித்தால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டீர்கள். “பொம்பள வாசப் பெருக்குறா. எவன் வந்து கேக்குறான்னு பாப்போம்.” அது அவருக்காகத்தான் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

போன தவக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் நான் ஜன்னலில்தான். உங்களைப் போல நடுரோட்டில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த வருடமும் வந்தார்கள். ஜீப்புக்காரர் கடப்பாரையும் கையுமாக நிற்பதைப் பார்த்ததும், எங்கிருந்து தைரியம் வந்ததோ, போய் அந்த மேட்டின் மேலேயே நின்றுவிட்டேன்.

“தள்ளும்மா. சப்பரம் போகணும்ல.”

“போன வருசம் ஒடச்சத எப்பக் கட்டுனீக?”

“கட்டாமயா விட்டோம்? சொரூபம் விழுந்துச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?”

பேச்சு முற்றுகிற நேரத்தில் அவருடைய ஜீப்பே மலையிலிருந்து வந்து நின்றது. தூக்குவாளியோடு பெண்கள் இறங்கினார்கள். அவர் வண்டியில் போகிறவர்கள், அவருக்குத்தானே பரிந்து பேசுவார்கள்? சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்றுதானே இவர்களும் நினைப்பார்கள்? மேலத்தெரு பேச்சியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, அத ஒடைக்காதீக.”

“நீ என்ன புதுசா?”

“ஊருக்குள்ள இந்த மேட்டப் பாத்துத்தேன் டிரைவரு வேகத்தக் கொறைக்கிறாரு. மத்த எடமெல்லாம் நாங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டுத்தேன் ஒக்காந்திருக்கோம். சப்பரத்த நாங்க தூக்கிவிடுறோம். மூட்டையத் தூக்குறவளுகளுக்கு இது ஒரு சொமையா?”

ஜீப்புக்காரர் கடப்பாரையை உங்கள் மதிலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். நான் நம்பவில்லை மதினி. அவரும் பேச்சியம்மாவும் பேசி வைத்துக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். இருட்டும் வரை அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண்கள் வந்தார்கள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தார்கள். சப்பரம் மேட்டருகே வந்ததும் இரண்டு பக்கமும் புகுந்து தோள் கொடுத்தார்கள். ஜீப்புக்காரரும் ஒரு மூலையில் பிடித்தார். ஊரெல்லாம் சொரூபத்தைப் பார்த்துக் கும்பிட, நான் அவருடைய கையை மட்டும் பார்த்தேன். வேண்டுமென்றே நழுவவிட்டு, பார்த்தீர்களா என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். நழுவவிடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று விடிகாலை என் வீட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். தெருமுனையில் ஜீப் சத்தம். மேட்டுக்கு முன்னால் வண்டி வேகம் குறைந்து நின்றது. உள்ளேயிருந்து பேச்சியம்மாவின் குரல்: “மெதுவாப் போங்க மாமா, நாங்க நிக்கிறோம்.”

அந்தக் குரலைக் கேட்டதும் ஜன்னலை விட்டு வந்து அடுப்பில் பாலை வைத்தேன். முழுசாக நம்பிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பால் பொங்குவதற்குள் மனசு கேட்காமல் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. அவர் பத்திரமாகக் கோயிலுக்குள் போயிருந்தார். அப்போதுதான் மதினி, உங்களை நினைத்து எனக்கு அழுகை வந்தது. நீங்கள் போன நாளிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில், உங்களுக்காக நான் இன்னும் அழவே இல்லை.