இனி மேப் என்று சொல்லாதே

அன்பு மகன் ஜெயசீலனுக்கு,

அம்மா திரௌபதி எழுதுவது. என் பேர்க்காரி அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கச்சி கலைமதியும் இங்கே சுகம், வெயில் எங்களைவிட சுகமாக இருக்கிறது. நீயும் ஷார்ஜாவில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போன் என் கையில் எங்கே இருக்கிறது, உன் தங்கச்சி கையில்தானே இருக்கிறது, எது பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு வீடு முழுக்கக் கேட்கும். இது அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டிய விஷயம். உன் ரூமில் இருக்கும் கோட்டக்குப்பம் தம்பி லீவு முடிந்து திரும்புகிறானாம், கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அப்பாதான் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறார். அவருக்கும் தெரியாமல்தான் எழுதுகிறேன். அவர் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, அதனால் பயமில்லை.

கலைமதி ஏன் இப்போதெல்லாம் உன்னோடு பேச வருவதில்லை என்று கேட்டாயே, அதைத்தான் சொல்ல வருகிறேன். எட்டு வயதாகியும் அவள் படுக்கையை நனைக்கிறாள் என்று உனக்குத் தெரியும். பாய் நனைந்த காலையில் நீ போனில் வந்தால், இன்னிக்கு எந்த ஊரு மேப்பு வரைஞ்ச, இலங்கையா ஆஸ்திரேலியாவா என்று கேட்பாய், நாங்களும் சிரிப்போம், அவளும் சிரித்தாள். நீ பாசத்தில்தான் கேட்டாய், எனக்குத் தெரியாதா. ஆனால் வகுப்பில் டீச்சர் சுவரில் மேப் மாட்டிய அன்றைக்கு அது எதற்கென்றே தெரியாமல் இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம், அதிலிருந்து நீ கூப்பிட்டால் போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுகிறாள். இது எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. நான் செய்யாத வைத்தியமா, கயிறு மந்திரித்துக் கட்டினேன், அடுப்புப் பக்கம் போகாதே, நெருப்பில் விளையாடினால் படுக்கையில் போவாய் என்று மிரட்டினேன், தூக்கத்தில் எழுப்பி நிற்க வைத்தேன், அவள் நின்றுகொண்டே தூங்கினாள், திரும்பப் படுத்ததும் நனைந்தது.

பிறகு சிலம்பம் வந்தது. கோயில் மைதானத்தில் கலையரசன் மாஸ்டர் சொல்லிக்கொடுக்கிறாரே, அதில் உன் தங்கச்சி கம்பு சுற்றினால் கம்பு கண்ணுக்குத் தெரியாது, காற்று மட்டும்தான் கேட்கும். சென்னையில் போட்டி, இரண்டு ராத்திரி அங்கேயே தங்கல், பெண் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஹாலில் படுக்க வேண்டும் என்றார்கள். வருஷம் முழுக்க அதற்காகவே ஆடியவள், நான் போவல, கை வலிக்குது என்று சொல்லிவிட்டாள். கையைப் பிடித்துப் பார்த்தால் வீக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. அப்புறம் அவளே என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, அங்க நனைஞ்சிட்டா அப்புறம் நான் எப்படிம்மா ஸ்கூலுக்குப் போறது என்று கேட்டாள். மறுநாள் உப்பளத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் அப்பாவும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

சின்ன வயசு லேடி டாக்டர். கலைமதியைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்து அவளிடமே எல்லாம் கேட்டது. எரிச்சல் இருக்கா, வெளிக்குத் தினமும் போவுதா, எப்பவாவது கொஞ்ச நாள் நின்னுட்டு மறுபடி ஆரம்பிச்சுதா. ஒண்ணுக்கு டெஸ்ட் எடுத்தார்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்து, மலம் கட்டிக் கிடக்குது, அது மூத்திரப் பையைப் போய் நெருக்குது என்றது. அப்புறம், பகல்ல எவ்ளோ தண்ணி குடிப்பே பாப்பா என்று கேட்டது. இவள் ரொம்பப் பெருமையாக, அம்மா மாதிரிதான் டாக்டர், சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் குடிப்பேன் என்றாள். ஜெயசீலா, எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. உப்புப் பாத்தியில் நாங்கள் பொம்பளைகள் எப்படி என்று உனக்குத் தெரியும், கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை வெட்டவெளி, ஒதுங்க ஒரு செடி கிடையாது, அதனால் விடிந்து போனால் வேலை முடியும் மட்டும் வாயை நனைப்பதோடு சரி, வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்போம். பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம், அதனால் இவளும் பாட்டிலை நிரம்பியது நிரம்பியபடி திருப்பிக்கொண்டு வருவாள், நானும் என் பொண்ணு தண்ணியைச் சிந்தாத பொண்ணு என்று மெச்சிக்கொள்வேன். சாயங்காலம் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து போட்டி போட்டுக் குடிப்போம், மேலே ஒரு டீ வேறு. தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. தூக்கத்துல மூளை கிட்னிக்கு ஒரு சேதி அனுப்பும்மா, போதும்பா, விடியற வரைக்கும் கொஞ்சமா விடுன்னு, சில புள்ளைங்களுக்கு அந்தச் சேதி லேட்டா வரும், பை நெறைஞ்சாலும் தூக்கம் கலையாது, இது புள்ளையோட தப்பும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல, அடிச்சாலும் திட்டினாலும் கேலி பண்ணாலும் அதிகமாத்தான் ஆவும் என்றது. எனக்கு ஒரே ஆச்சரியம். நாம் எல்லாம் செத்த பிணம் மாதிரி தூங்குகிறோம், அப்போதும் உள்ளே ஒரு ஆள் விழித்திருந்து மடையைப் பார்த்துக்கொள்கிறானே, அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது. உன்னைப் பெற்றேன், அவளைப் பெற்றேன், இத்தனை வருஷம் இந்த உடம்போடு இருக்கிறேன், இப்படி ஒரு காவல் நடக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு ராத்திரி நீங்கள் எல்லோரும் நனைக்காமல் எழுந்திருக்கிற ஒவ்வொரு காலையையும் நினைத்து எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இப்போது அவள் பகலிலேயே தண்ணீரைப் பிரித்துக் குடிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் இவளும் இன்னொரு பெண்ணும் மாறி மாறிக் கதவைப் பிடித்துக்கொள்கிறார்களாம். சாயங்காலம் தாகத்துக்கு மட்டும் குடிப்பாள், டீ கிடையாது, வெளிக்குப் போக மருந்து, கீரை, கொய்யாப்பழம், படுக்கும் முன்னே ஒரு தடவை போய்விட்டு வர வேண்டும். பாய்க்கு மேலே ரெக்ஸின் விரித்திருக்கிறேன், நனைந்தால் யாரும் பேசுவதில்லை, அவளும் நானும் சேர்ந்து துணியை அலசிப் போடுகிறோம். எரிச்சலோ ஓயாத தாகமோ வந்தால் மட்டும் உடனே கூட்டிக்கொண்டு வர டாக்டர் சொல்லியிருக்கிறது. இன்னொன்று கேட்டால் சிரிப்பாய். இதை நான் பாத்தியில் பொம்பளைகளிடம் சொன்னேன், மறுநாளே நாலு சவுக்குக் கழி, பழைய தார்ப்பாய், கொட்டகைக்குப் பின்னால் மறைப்பு கட்டிவிட்டோம். இத்தனை காலம் இது ஒருத்திக்கும் தோன்றவில்லை, ஒரு எட்டு வயசுப் பிள்ளையின் பாய் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பகலில் தண்ணீர் குடிக்கிறேன், தலைவலியும் குறைந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இன்னொரு கேள்வியும் கேட்டது. குடும்பத்தில் வேறு யாருக்காவது சின்ன வயசில் இப்படி இருந்ததா, இது ரத்தத்தில் வரும் என்று. எங்க ரெண்டு பக்கமும் யாருக்கும் கிடையாதுங்க என்று நான் அடித்துச் சொன்னேன். அப்பா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னதான் சொன்னாலும் சென்னைக்குப் போக மாட்டேன் என்றே பிடிவாதமாக இருந்தாள் கலைமதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அப்பா மடை திறக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனார், நான் கூழ் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு பேரும் வரப்பில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள், பாத்தியில் உப்பு அப்போதுதான் பூத்திருந்தது. ஏம்மா கலை, நானும் உன்ன மாதிரிதாம்மா, பன்னெண்டு வயசு வரைக்கும் பாயை நனைச்சிருக்கேன், உங்கம்மாவுக்கே தெரியாது என்று அப்பா சொல்வது என் காதில் விழுந்தது. அடிச்சாங்களாப்பா என்று அவள் கேட்டாள். அடிச்சாங்க, அடிச்சி நிக்கறதா இருந்தா அன்னிக்கே நின்னிருக்கணுமே என்றார். அப்புறம் எப்படிப்பா நின்னுச்சு என்று கேட்டாள். தெரியலம்மா, ஒருநாள் எழுந்து பாத்தா பாய் காஞ்சிருந்துச்சு, மறுநாள் திரும்ப நனைஞ்சிடுச்சு, அப்படியே கொஞ்சம் கொஞ்சமா அது என்னை மறந்துபோச்சு என்றார். நான் தூக்குவாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். உங்கப்பா வாயைத் திறந்தால் அடுத்த பாத்திக்காரன் திரும்பிப் பார்ப்பான், அப்படிப்பட்ட சத்தக்காரர். ஆனால் இத்தனை வருஷத்தில் பாய் நனைந்ததற்காக மட்டும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அந்தக் காலைகளில் பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவார், நான் அருவருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் உண்டு உறங்கி உன்னை இவ்வளவு பெரிய ஆளாக ஆக்கிய பிறகும் அந்த மனுஷனைப் பற்றி எனக்குத் தெரியாதது எவ்வளவு இருக்கிறது பார். நான் கேட்டதைக் காட்டிக்கொள்ளாமல் திரும்பிப் போய், தூரத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு மறுபடி வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே கம்பை எடுத்துத் துடைத்து வைத்தாள். மாஸ்டர் சம்சாரம் பாக்கியலட்சுமிதான் பெண் பிள்ளைகளுக்குத் துணையாகப் போனது, அவர்களிடம் நான் சொல்கிறேன் என்றேன், வேணாம்மா, நானே சொல்லிட்டேன் என்றாள். ரெக்ஸின், மாற்றுத்துணி, ஒரு கறுப்புக் கவர், எல்லாம் அவளே மடித்து வைத்தாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று முன்தினம் திரும்பி வந்தாள், கழுத்தில் இரண்டாம் பரிசு மெடல், என்னைத் தாண்டி நேரே அப்பாவிடம் ஓடி, அப்பா, ரெண்டாவது நாள் நனைஞ்சிடுச்சு, பாக்கியா அத்தை மறைப்பா துணி புடிச்சாங்க, நானே மாத்திக்கினேன், ஒண்ணும் ஆவலப்பா என்றாள். மெடலைக்கூட அப்புறம்தான் காட்டினாள். முழுசாக நின்றுவிட்டது என்று நான் எழுதவில்லை, நிற்கும்போது நிற்கட்டும். ஆனால் அந்த ஒண்ணும் ஆவல என்ற வார்த்தையை எங்கிருந்து எடுத்தாள் இந்தப் பிள்ளை, எனக்கு இன்னும் அந்த வியப்பு அடங்கவில்லை.

அதனால் தம்பி, இனிமேல் விளையாட்டுக்குக்கூட மேப் என்று சொல்லாதே. நின்றுவிட்டதா என்றும் கேட்காதே, சிலம்பத்தைப் பற்றி மட்டும் கேள், மெடலைக் காட்டச் சொல், மெதுவாக வருவாள். அப்பா விஷயம் உன்னோடு இருக்கட்டும், அவரிடம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. நீயும் அங்கே மாடி மேலே ஏறி ஏசி மாட்டுகிறாய், கீழே இறங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, உனக்கும் என் புத்திதான். அம்மன் உனக்கு நெடிய ஆயுளும், நல்ல தூக்கமும், விடிந்தால் தெளிந்த முகமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. திரௌபதி

தம்பி, என் கண்ணாடிதான் உடைஞ்சிருக்கே, கவர் ஒட்டறதுக்கு முன்னாடி பாப்பாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் உண்மைதான். பன்னெண்டுன்னு அவகிட்ட குறைச்சி சொல்லிட்டேன், பதினாலு. இப்ப அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு, சிரிக்கிறா. அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது கலைமதி. அண்ணா, நாளைக்கு போன் பண்ணு, நானே எடுக்கிறேன்.