நாலு விரல் இடைவெளி

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்குத் திட்டுவாய். திட்டி முடித்துவிட்டு மீதியைப் படி.

கம்பெனிதான் வேறு, வேலை அதே லிஃப்ட் மெக்கானிக் வேலை. அறை மூன்றாவது மாடியில். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, சிரித்துக்கொள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வேலை விட்டு வந்தால் மறுநாள் காலை வரை பேச ஆளில்லை.

உன்மேல் கோபமில்லை. நம் சபை என்னைப் புறம்பாக்கித் தள்ளிவைத்தது. புறம்பானவனோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது என்றார் மூப்பர். நீ தையல் மேஜையை இழுத்துவந்து சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் போட்டு, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு எனக்குப் பரிமாறினாய். தட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த இடைவெளியைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தொண்டையில் இறங்காமல் போயிற்று.

தையல் வேலை குறைந்ததும் ஒருமுறை வந்து போ.

உன் தம்பி

மார்ச் 17

என் அருமைத் தம்பிக்கு,

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். திட்டுவதற்குக்கூட நேரில் ஆளில்லாமல் செய்துவிட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. போர்வையை வேறு மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். எதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய்?

குறை வைக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். சமைத்துப் போட்டேன். கிரீஸ் படிந்த சட்டைகளைத் துவைத்தேன். மேஜை ஒன்றுதானே. அதை நானா தீர்மானித்தேன்? உன் அத்தான் இறந்துபோனபோது ஓடிவந்து என்னைத் தாங்கியவர்கள் சபையார்தான். அவர்களையும் விட்டால் எனக்கு யார்?

மூப்பர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "தப்புதான்னு எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே சேத்துக்குவோம்." ஒரே வார்த்தைடா. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஆராதனையில் அப்பம் பிட்கிற நேரத்தில் வேலைக்கு எழுந்து போனது தப்பு என்று சொன்னால் உன் தலை இறங்கிவிடாது. சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பிடிவாதம்.

பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன. மெஷினை இன்னும் அந்த மேஜையில் திரும்ப ஏற்றவில்லை. தரையில் வைத்துத்தான் தைக்கிறேன், முதுகு போகிறது. ஏன் ஏற்றவில்லை என்று கேட்காதே. பெரிய மேஜையில் ஒருத்தியாக உட்காரப் பிடிக்காமல் அடுப்படியிலேயே நின்று இரண்டு வாய் போட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு அப்படி என்னதான் அவசரம்? வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனாய் என்று மட்டும் தெரியும். நான் கேட்டதே இல்லை. எழுது.

உன் அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீயாவது கேட்டாயே.

அப்பத் தட்டு என் வரிசைக்கு வரும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண், வீடு திரும்பும்போது தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். கரண்ட் இல்லை, உள்ளே இருட்டு. அன்று முறை பார்க்க வேண்டியவன் வெகு தூரத்தில் இருந்தான். மூப்பரிடம் குனிந்து சொன்னேன். "ஆராதனை முடியட்டும்" என்றார். என்னால் முடியவில்லை, எழுந்துவிட்டேன்.

எங்கள் வேலையில் முதலில் கதவில் கை வைக்க மாட்டோம், உள்ளே இருப்பவரோடு பேசுவோம். பயந்துபோனால் தாங்களே கதவை நெம்பிக் குதிக்கப் பார்ப்பார்கள். கதவோரம் வாயை வைத்து, "அம்மா, வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்" என்றேன். அவள் காப்பாற்று என்றுகூடக் கேட்கவில்லை. "போயிடமாட்டீங்களே?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். லிஃப்டைக் கையால் இறக்க மோட்டார் அறைக்கு ஏறும்போதும் காவலாளியைக் கதவருகே நிறுத்தி, பேச்சை விடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அக்கா. சொன்னால், பொய் சொல்லி உள்ளே வந்தவன் ஆவேன்.

உனக்குச் சபை வேண்டும், எனக்குத் தெரியும். அதனால் பழைய சாமான் கடையிலிருந்து இன்னொரு மேஜை வாங்கிப் போட்டிருக்கிறேன். நீ வந்தால் நாலு விரல் விட்டே உட்காரலாம். யார் கேட்டாலும் நீ பயமில்லாமல் பதில் சொல்லலாம். வா அக்கா.

உன் தம்பி

ஏப்ரல் 6

என் தம்பிக்கு,

உன்னைத் தள்ளி உட்காரவைத்தவள் நான். நான் தள்ளி உட்கார நீயே மேஜை வாங்கிப் போட்டிருக்கிறாய். அந்த வரியை வாசித்துவிட்டு, தைத்த சீருடையெல்லாம் நனைய அழுதேன்.

மூப்பர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, "ஓய்வுநாள்ல குழியில விழுந்த ஆட்டைத் தூக்கிவிட மாட்டீங்களான்னு ஆண்டவரே கேட்டாரே ஐயா. இவன் மனுஷியைத்தானே தூக்கிவிட்டான்?" என்றேன். "ஆடு வேற, சம்பள வேலை வேற" என்றார். கெட்டவர் இல்லை. அத்தானின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். "அவனோட உக்காந்து சாப்பிட்டா உனக்கும் இதே தீர்ப்புதாம்மா" என்றார். "சரிங்க ஐயா" என்று சொல்லி, இத்தனை வருஷமாய்க் கூட்டிப் பெருக்கிய ஆராதனைக் கூடத்தின் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

செய்தி அதற்குள் பரவிவிட்டது. தைக்கக் கொடுத்த சபைப் பெண்கள் வாசலில் நின்றபடியே துணியைத் திரும்ப வாங்கிப்போகிறார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சாயங்காலமானால் ரேடியோவைப் போட்டுவிடுகிறேன், ஏதாவது ஒரு மனிதக் குரல் இருக்கட்டும் என்று. அந்தப் பெண் ஏன் அப்படிக் கேட்டாள் என்று இப்போது தெரிகிறது.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். போர்வையை எடுத்து வைத்துவிட்டேன். மூன்று மாடியும் நான் நின்று நின்றுதான் ஏறுவேன். மேலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இரு.

புதிதாக வாங்கிய மேஜையில் உன் ஸ்பானர்களை எடுத்து வை. நான் உன் மேஜையில்தான் சாப்பிடுவேன்.

உன் அக்கா