ஆறு பேருக்கு ஒரு பொலிஸ் ஜீப்

சித்தி, இன்று காலையிலிருந்து மழை. உங்கள் ஜீப் மறுபடியும் நாய் மணக்கிறது.

வெயில் நாட்களில் அந்த மணம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை. கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், இருக்கைக்கு அடியிலிருந்து எழும்பி வந்துவிடுகிறது. அதை விரட்ட நீங்கள் காட்டிய சாம்பிராணியின் மணமும் கூடவே வருகிறது. "பொலிஸ் நாய் ஒண்டு கோயிலுக்குப் போட்டு வந்த மாதிரி இருக்கு" என்று நீங்கள் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். இன்றைக்கு நான் கையில் வாளியும் துணியுமாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சிரிக்காமல் நின்றேன்.

உள்ளே துடைக்கச் சொன்னது அப்பா. வருகிற சனிக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறாராம். ஜீப்பை விற்கப் போகிறார்கள், சித்தி.

"ஏன் விக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"பெற்றோல் என்ன தண்ணியே? இனி நாங்கள் அஞ்சு பேர்தானே, பிள்ளை. கார் காணும்."

உங்கள் குளிர்ச்சட்டை இன்னும் கொளுவியில் தொங்குகிறது. அதற்குள் எங்கள் வீட்டுக் கணக்கு சரியாகிவிட்டது. ஒருவர் இல்லாமல் போனதால் கார் போதுமாம்! அப்பா அதைக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டே சொன்னார். எனக்கு வாளியைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

நகரத்துக்குள், பார்க்டேலில் இருந்தவரை எங்களுக்குக் கார் தேவைப்படவில்லை. நகரத்தின் ஓரத்திலிருக்கும் ரூஜுக்கு வந்து, பஸ்ஸுக்காகக் குளிரில் நின்று களைத்த பிறகுதான் அப்பா அந்தச் சின்னக் காரை வாங்கினார். அதில் ஐந்து பேர் இருக்கலாம். அப்பா, அம்மா, நான், தங்கச்சி, தம்பி, நீங்கள் என்று நாங்கள் ஆறு பேர். யார் நிற்பது என்று ஒருவரும் பேசி முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் கோயிலுக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் உங்களுக்குத்தான் தலையிடி வந்தது. பிறந்தநாள் என்றால், "ஆராவது வீட்டைப் பாக்க வேணுமெல்லோ" என்பீர்கள். வாசலில் நின்று கை காட்டுவீர்கள். பேக்கரியில் நாள் முழுக்க நின்று வேலை செய்து, வீட்டு வாடகையில் பங்கு போடுகிறவர் நீங்கள். அந்த வீட்டுக்கு நீங்களே காவலும்! காவல் வைக்க எங்களிடம் என்ன இருந்தது? படம் ஆடுகிற ஒரு பழைய டிவி.

பிறகு ஒரு நாள், வேலைத்தலச் சிநேகிதியோடு பக்கத்து ஊர் ஒஷாவாவுக்கு ஏலத்துக்குப் போய், இந்த வெள்ளை ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். பொலிஸ் பாவித்துக் கழித்த வாகனம். எழுத்துகளை உரித்து எடுத்திருந்தார்கள். ஆனாலும் வெயில் படாத இடத்தில் பெயின்ட் மங்காமல், பொலிஸ் என்ற சொல் கதவில் நிழல்போலத் தெரிந்தது. பின்னுக்கு இருக்கையே இல்லை. அங்கே நாயின் கூடு இருந்ததாம்.

"உனக்கென்ன விசரே? அயலட்டை என்ன சொல்லும்?" என்று அம்மா வாசலிலேயே தொடங்கினார்.

"அயலட்டையை ஏத்த இல்லை, அக்கா. எங்களை ஏத்த. பின்னுக்கு ரெண்டு நீளச் சீற் போட்டால் ஆறு பேரும் போகலாம்."

பழைய வாகனங்களை உடைக்கும் இடமொன்றில் இரண்டு இருக்கைகளைத் தேடிப் பிடித்தீர்கள். திரைச்சீலைத் துணியில் அவற்றுக்கு உறை தைத்தீர்கள். அதிலிருந்த பெரிய ஆரஞ்சுப் பூக்களை அப்பா முறைத்துப் பார்த்தது நினைவிருக்கிறதா?

முதல் பயணம் ஒரு கல்யாணத்துக்கு. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், அவருடைய மகனின் கல்யாணம். வாகனத்தில் தலை சுற்றிச் சத்தி எடுக்கும் அம்மாவுக்கு முன் இருக்கை. அப்பா எங்களோடு பின்னால். புறப்படுமுன் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சோ?" என்று கேட்டீர்கள். ஒவ்வொருவராக ஓம் சொன்னோம். கடைசியில் நீங்களும் உங்களுக்கே ஓம் சொன்னீர்கள். எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக.

மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். எதற்காக என்று எல்லா அம்மாமாருக்கும் தெரியும். அப்போது மழை தூறியது. வைப்பர் என்று நினைத்து நீங்கள் தட்டிய சுவிட்ச், வெளியே கழற்றாமல் விட்டிருந்த பொலிஸ் விளக்கைக் கொளுத்திவிட்டது. டிக்கிகள் படபடவென்று மூடின. ஒருவர் போத்தலை வேட்டிக்குள் செருகினார். இன்னொருவர் கிளாஸில் இருந்ததைப் பூஞ்செடிக்கு ஊற்றிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "அட, எங்கட இன்ஸ்பெக்டர் அம்மா! ஆரைப் பிடிக்க வந்தனீங்கள்?"

அந்த நேரம் பார்த்து அப்பா பின்னால் இருந்து கண்ணாடியைத் தட்டினார். பிடிபடுகிறவர்கள் இறங்கி ஓடாமலிருக்க, பொலிஸ் வாகனம் எதிலும் பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. நீங்கள் சுற்றி வந்து திறந்துவிட வேண்டியிருந்தது.

"அத்தானையே பிடிச்சுக்கொண்டு வந்திட்டா! என்ன கேஸ், தங்கச்சி?" என்று உங்களைக் கேட்டார் பெரியப்பா.

"களவாய்க் குடிச்ச கேஸ், அண்ணை. கூட்டாளிமாரையும் தேடித்தான் வந்தனான்."

அவர்களே சிரித்துவிட்டார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஜீப்பின் மேல் அவருக்குள்ள கோபம் பெற்றோலால் வந்தது அல்ல, சித்தி. மச்சாள் ஓட்டி வந்து கதவு திறந்துவிட்டதால் வந்தது. அந்தப் பெரியப்பா சும்மா இருந்தாரா? "ஒரு பொம்பிளைக்கு உவ்வளவு பெரிய வாகனம் என்னத்துக்கு?" என்று போகிற வீடெல்லாம் சொன்னார். ஒளித்துக் குடித்தவர்கள் அவர்கள். பகிடிக்கு ஆளானது நீங்கள்! உங்கள் செத்தவீட்டிலும் ஒருவர், "பொலிஸ் ஜீப் ஓடினவவோ?" என்று கேட்டார். அது ஏன் வாங்கப்பட்டது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். அம்மா என் கையை அமத்தினார்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நூலகத்தில் வாகனத் திருத்தவேலைப் புத்தகம் ஒன்று எடுத்து வந்தேன். நான் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்ல, நீங்கள் பின்கதவின் உட்பக்கத்தைக் கழற்றினீர்கள். "அடுத்தது என்ன, புரபெசர்?" என்று ஒவ்வொரு ஆணிக்கும் கேட்டீர்கள். கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியைக் கழற்றவும் என்றது புத்தகம். அங்கே கம்பியே இல்லை. படத்தில் இருந்தது, கதவில் இல்லை. அச்சடித்த புத்தகம் இப்படிப் பொய் சொல்லலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"பொய் இல்லை, பிள்ளை. உது வேற ஆக்களின்ர வாகனத்துக்கு எழுதினது. கம்பியை நாங்கள்தான் போட வேணும்."

இருக்கை வாங்கிய இடத்திலேயே கம்பியும் வாங்கிப் போட்டீர்கள். முதன்முதலாக உள்ளிருந்து கதவைத் திறந்து குதித்தது நான்தான்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்கும் அதை நீங்களே ஓட்டிக்கொண்டு போனீர்கள். திரும்பி வரும்போது அப்பா ஓட்டினார். ஏறியாச்சோ என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டி வந்தது. கோயிலுக்கு வெளிக்கிடச் சொல்லி அம்மா கூப்பிட்டார். மிச்சத்தை இப்போது, வந்து எழுதுகிறேன்.

அப்பா சின்னக் காரை முடுக்கி வைத்திருந்தார். "இனிக் கார்லதான். பழகத்தானே வேணும்," என்றார். தங்கச்சியும் தம்பியும் ஏறிவிட்டார்கள். எனக்கு ஒரு இடம் இருந்தது. தாராளமாக இருந்தது.

"எனக்குத் தலையிடி," என்றேன். "நீங்கள் போட்டு வாங்கோ. ஆராவது வீட்டைப் பாக்க வேணுமெல்லோ."

அம்மாவின் முகம் மாறியதைக் கண்டேன். நான் வாசலில் நின்று கை காட்டினேன். கார் தெருமுனை வரை போய், அங்கே நின்று, பின்பக்கமாகவே திரும்பி வந்தது.

"என்ன நடிப்பு உது?" அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"நடிப்பில்லை அப்பா. அஞ்சு பேருக்குக் காணுமெண்டால் நாலு பேருக்கு இன்னும் வசதி."

அடி விழும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மா கதவைத் திறந்து இறங்கி, மழைக்குள் நடந்து போய், ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

"மழைக்குள்ள நிண்டு நனையாதை. கோயிலுக்குப் பொலிஸ் ஜீப்பில போய் இறங்க வெக்கமில்லையோ?" என்றார் அப்பா.

"என்ர தங்கச்சியை வாசலில விட்டிட்டுப் போகேக்க நாங்கள் வெக்கப்படேல்லை," என்றார் அம்மா. "திறப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ."

அப்பா காரை நிறுத்திவிட்டு இறங்கினார். பிறகு உள்ளே போய் ஜீப்பின் சாவியை எடுத்து வந்தார். "அந்த ஆளுக்கு போன் பண்ணி, வின்டர் முடியட்டும் எண்டு சொல்லுறன்," என்று ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார். வின்டர் முடிந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்பேன். அதற்குச் சொல்ல வேண்டியதை இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன். இந்தக் கோபத்தை அதுவரை பத்திரமாக வைத்திருப்பேன்.

எல்லோரும் இருந்தோம். உள்ளே நாய் மணமும் சாம்பிராணி மணமும். ஆரஞ்சுப் பூக்களுக்கு நடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. அப்பா என்ஜினை முடுக்கிவிட்டும் ஜீப்பை எடுக்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இனி அதை நான்தான் கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"எல்லாரும் ஏறியாச்சோ?" என்றேன்.

அப்பா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். தங்கச்சி குனிந்துகொண்டாள். தம்பி மட்டும், "ஓம்!" என்று கத்தினான்.

கோயிலிலிருந்து வந்த பிறகும் நான் அவனோடு கதைக்கவில்லை, சித்தி. சின்னவன்தான். ஆனால் ஆறு வரைக்கும் அவனுக்கு எண்ணத் தெரியும்.